ஏறத் தெரிந்தவனுக்கு இறங்கத் தெரிய வேண்டாமா?

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை கொடு என்று பேரவைச் செயலாளர் என்னைப் பிடித்தபோது, 'அறிவியல் வளர்ச்சியும் இன்றைய இளைஞனும்' என்கிற மாதிரி நாலு பக்கம் எழுதித் தள்ளிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்படி எழுதினால் யாருக்கும் வம்பில்லை. படிப்பவரும் இல்லை! ஆனால் இந்த ஆண்டு நம் கேண்டீனிலும் சைக்கிள் ஸ்டாண்டிலும் ஓயாமல் அடிபடுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு வேறு எதையாவது எழுதினால் என் மனசாட்சிக்கே பிடிக்காது.

மேட்டுப்பாளையத்தில் கிளம்பி, குன்னூர் ஏறி, ஊட்டி போய், தொட்டபெட்டா தோளைத் தாண்டி, கோத்தகிரி வழியாக மறுபடியும் மேட்டுப்பாளையத்துக்கே இறங்கி வருகிற ஒரு நாள் சைக்கிள் பயணத்துக்கு அனுமதி வேண்டும் என்று 14 மாணவர்கள் பேரவைக்கு மனு கொடுத்திருக்கிறார்கள். வேண்டவே வேண்டாம், போன வருஷம் பட்டது போதாதா என்கிறார்கள் பெரியவர்கள். அனுமதி தராவிட்டால் என்ன, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிட்டு வந்துடலாம் மாப்ளே என்கிறார்கள் நம் ஆட்கள். இரண்டு கட்சியும் சொல்வது எனக்கு ஒப்பவில்லை. ஏன் என்று சொல்வதற்குத்தான் இந்தக் கட்டுரை. சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. போன வருஷம் அந்தப் பயணத்துக்குத் திட்டம் போட்டவன் நான்தான்.

திட்டம் என்று பெருமையாகச் சொல்கிறேன். உண்மையில் அது ஒரு துண்டுக் காகிதம். போனில் மேப்பைத் திறந்தேன். மேட்டுப்பாளையம் டூ ஊட்டி 52 கிலோமீட்டர், ஊட்டி டூ கோத்தகிரி 29, கோத்தகிரி டூ மேட்டுப்பாளையம் 33. கூட்டினால் 114. நாங்கள் அவிநாசி ரோட்டில் சர்வசாதாரணமாக மணிக்கு 20 கிலோமீட்டர் போகிறவர்கள். மலை என்பதால் 15 என்று வைத்துக்கொள்வோம் என்று தாராள மனதோடு வகுத்தேன். ஏழரை மணி நேரம் வந்தது. காலை ஏழரைக்குக் கிளம்பினால் மூன்று மணிக்கு மேட்டுப்பாளையத்தில் பரோட்டா! பெருக்கலும் வகுத்தலும் சரியாகத்தான் இருந்தன. கணக்குதான் தப்பு.

நடந்தது இது. அக்டோபர் மாதம். ஒன்பது பேர். கல்லாறு வரைக்கும் பாட்டும் கூத்தும். பர்லியாறு தாண்டும்போது பாட்டு நின்றுவிட்டது. குன்னூர் போய்ச் சேர்ந்தபோது மணி பன்னிரண்டே கால். கடைசி ஆள் வர இன்னும் இருபது நிமிஷம். ஊட்டி சேரிங் கிராஸில் பிரியாணிக் கடை முன்னால் சைக்கிளைச் சாய்க்கும்போது மணி மூன்று. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்ட் இரண்டே கிலோமீட்டருக்குள். சைக்கிளை லாரி ஆபீஸில் போட்டுவிட்டு பஸ் ஏறியிருக்கலாம். "சுத்து முடிக்காம போனா காலேஜ்ல என்னடா சொல்லுவாங்க" என்று ஒருத்தன் கேட்டான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "இனிமே இறக்கந்தானடா" என்றேன் நான்.

அந்த வார்த்தையை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

கோத்தகிரியை விட்டு இறங்கும்போது மணி ஆறு. பனிமூட்டம் வேறு. குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில், எங்களோடு வந்த இரண்டாம் ஆண்டுத் தம்பி ஒருவனுக்கு பிரேக் பிடிக்கவில்லை. அவன் ஓட்டியது அவன் அப்பாவின் பழைய சைக்கிள். ஏதோ புண்ணியம், பள்ளம் இருந்த பக்கம் போகாமல் மலையை ஒட்டிய ஓடைக்குள் போய் விழுந்தான். காய்கறி ஏற்றி வந்த பிக்-அப் வண்டிக்காரர் ஒருவர் கேரட் மூட்டைகளை ஓரம் தள்ளி அவனைப் படுக்க வைத்துக் கீழே கொண்டுவந்தார். காரை எலும்பு முறிவு. ஆறு வாரம் கையைக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். ஒர்க்‌ஷாப் பிராக்டிகல் போயிற்று. அது இன்றைக்கும் அவனுக்கு அரியராக நிற்கிறது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் அம்மா என்னிடம் சத்தம் போடவில்லை. "ஏங் கண்ணு, நீதான பிளானெல்லாம் போட்டியாமா?" என்று மட்டும் கேட்டார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

அதற்குப் பிறகுதான் நான் கணக்குப் போட்டேன். முதலாம் ஆண்டு இயற்பியல் புத்தகத்திலேயே எல்லாம் இருக்கிறது நண்பர்களே! பரீட்சைக்குப் படித்து, பரீட்சை ஹாலிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறோம்.

மலையில் தூரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் கவிழ்ந்துவிடுவோம். உயரத்தை வைத்துப் போட வேண்டும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 330 மீட்டர். குன்னூர் 1,700-க்கு மேல். ஊட்டி 2,240. ஊட்டியில் முடிந்துவிட்டது என்று நினைத்தால் அதுவும் இல்லை. கோத்தகிரி ரோடு தொட்டபெட்டா பிரிவு வரைக்கும் இன்னும் ஏறுகிறது. நடுநடுவே இறங்கி ஏறுவதையும் சேர்த்தால் மொத்த ஏற்றம் 2,100 மீட்டருக்குக் குறையாது. சைக்கிளும் ஆளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சி இல்லாத ஒரு மாணவன் மணிக்கணக்கில் விடாமல் தரக்கூடிய சக்தி சுமார் 120 வாட். நம் ஹாஸ்டல் ரூம் ஃபேன் இரண்டு ஓடுகிற அளவு, அவ்வளவுதான். அதில் உருளலுக்கும் காற்றுக்கும் கொஞ்சம் போக, ஒரு மணி நேரத்தில் 450 மீட்டர் உயரம் ஏறலாம். கல்லாறிலிருந்து குன்னூர் வரை சராசரியாக 18 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம். அப்படியானால் வேகம் மணிக்கு எட்டு கிலோமீட்டர்தான் வரும். நான் தாராளமாகப் போட்ட 15 எங்கே, இந்த எட்டு எங்கே?

பக்கத்திலேயே ஓடுகிற மலை ரயிலைப் பார்த்தாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். 1899-இல் குன்னூர் வரைக்கும், 1908-இல் ஊட்டி வரைக்கும் வந்த ரயில் அது. 12.28 மீட்டருக்கு ஒரு மீட்டர் என்று ஏறுகிற இடத்தில் வெறும் சக்கரம் வழுக்கிவிடும் என்று, தண்டவாளத்துக்கு நடுவே பல் வைத்த தண்டவாளம் போட்டு, என்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக் கவ்வி ஏறும்படி செய்திருக்கிறார்கள். காலையில் மேட்டுப்பாளையத்தில் கிளம்பினால் ஊட்டி போய்ச் சேர நண்பகல் ஆகிவிடுகிறது. நீராவி என்ஜினே அந்த நேரம் எடுத்துக்கொள்கிறது. நான் பரோட்டாவுக்கு நேரம் குறித்தேன்.

அடுத்தது கியர். "மனசு இருந்தா சாதா சைக்கிள்லயே ஏறலாம்" என்று சில வீரர்கள் பேசுகிறார்கள். மனசு இருக்கட்டும், முன்னால் 44 பல், பின்னால் 18 பல் உள்ள சாதா சைக்கிளில் பெடலை ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஐந்தரை மீட்டர் போகும். மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகத்தில் நிமிஷத்துக்கு 24 சுற்று. ஒவ்வொரு மிதியும் எழுந்து நின்று உடம்பு முழுவதையும் போட்டு மிதிக்க வேண்டிய மிதி. முழங்கால் என்னத்துக்கு ஆகும்? முன்னால் 28, பின்னால் 28 உள்ள கியர் சைக்கிளில் அதே வேகத்துக்கு 60 சுற்றுக்கு மேல் வரும். கால் சுற்றிக்கொண்டே இருக்கும், மூச்சும் சீராக இருக்கும். இதில் வீரம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

ஒரு சங்கதி சொல்கிறேன். பிரான்ஸ் நாட்டின் பெரிய சைக்கிள் பந்தயமான டூர் டி பிரான்ஸில் 1910-இல்தான் முதன்முதலாக பிரனீஸ் மலையின் உயரமான கணவாய்களில் ஓட்டவிட்டார்கள். டூர்மலே என்ற கணவாயும் அதில் ஒன்று. அப்போது ஓடுகிறபோதே கியர் மாற்றுகிற வசதி கிடையாது. பின்சக்கரத்தின் இரண்டு பக்கமும் வேறு வேறு பல் உள்ள சக்கரம் இருக்கும். மலை அடிவாரம் வந்ததும் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறுவார்கள். கியர் மாற்றும் டீரெய்லரை அந்தப் பந்தயத்தில் 1937-இல்தான் அனுமதித்தார்கள். உலக வீரர்களே இறங்கிச் சக்கரத்தைத் திருப்பி மாட்டியிருக்கிறார்கள். நாம் இறங்கி ஒரு வளைவு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தால் மானம் போய்விடும் என்கிறோம்! இன்னொன்று, அந்த டூர்மலே கணவாயின் உயரம் 2,115 மீட்டர். நம் ஊட்டி பஸ் ஸ்டாண்ட் அதைவிட உயரத்தில் இருக்கிறது. எவ்வளவு பெரிய காரியத்தில் கைவைக்கிறோம் என்று தெரிந்து வைக்க வேண்டும் என்பதற்காகச் சொன்னேன்.

ஏறுவது கிடக்கட்டும். ஏறும்போது தப்பு நடந்தால் மூச்சு வாங்கும், உட்கார்ந்துவிடலாம். என் கட்டுரையே இறக்கத்தைப் பற்றித்தான்.

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர் இறங்குகிறோம். 80 கிலோ எடை, 1,500 மீட்டர் உயரம். பெருக்கிப் பாருங்கள், 11 லட்சத்து 76 ஆயிரம் ஜூல். இந்த ஆற்றல் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கினால் பாதிக்கு மேல் காற்றும் ரோடும் தின்றுவிடும். மீதி மொத்தமும் பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவில் சூடாக மாறுகிறது. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூட்டுக்கும் அதிகம் அது. பயந்துகொண்டு பிரேக்கைப் பிடித்தபடியே மெதுவாக இறங்கினால் இன்னும் மோசம். வேகம் குறையக் குறையக் காற்றின் பங்கு குறைந்து பிரேக்கின் பங்கு கூடுகிறது. கட்டை தேய்கிறது, ரிம் சுடுகிறது, டியூப் வெடிக்கவும் கூடும். எங்கள் தம்பி செய்தது அதுதான். பாவம், பயந்துபோய் கோத்தகிரியிலிருந்து பிரேக்கை விடவே இல்லை. "கை மரத்துப் போச்சுண்ணா, புடிக்கறேன்னு நெனச்சுட்டுத்தான் இருந்தேன்" என்றான் பிறகு. நேர் ரோட்டில் விட்டு, வளைவுக்கு முன்பாகவே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் விட்டுவிட வேண்டும். ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு முறை நின்று ரிம்மை ஆறவிட வேண்டும். இதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் முன்னால் போய்க்கொண்டிருந்தேன்.

வியர்வையில் நனைந்த சட்டையும் ஒரு காரணம். ஆயிரம் மீட்டருக்கு ஆறு ஆறரை டிகிரி வீதம் மேலே குளிர் கூடுகிறது. அடிவாரத்துக்கும் தொட்டபெட்டா பிரிவுக்கும் 12, 13 டிகிரி வித்தியாசம். ஏறும்போது ஆறாக ஊற்றிய வியர்வை இறங்கும்போது பனிக்கட்டி. விரல் விறைத்தால் பிரேக் ஏது? ஸ்வெட்டர் இல்லாவிட்டால் ஒரு பழைய தினசரியைச் சட்டைக்குள் நெஞ்சில் வைத்துக்கொண்டாலே போதும். அந்தக் காலப் பந்தயக்காரர்கள் கணவாய் உச்சியில் இதைத்தான் செய்தார்கள்.

ஆக, திட்டத்தை எங்கிருந்து எழுத ஆரம்பிக்க வேண்டும்? கிளம்புகிற இடத்திலிருந்து எழுதினால் எல்லாம் அழகாகத்தான் தெரியும். கடைசி இறக்கத்திலிருந்து பின்னோக்கி எழுத வேண்டும், அதுவும் கூட்டத்தில் மெதுவாகப் போகிறவனை வைத்து எழுத வேண்டும் என்பது என் கருத்து. இப்போது நான் எழுதி வைத்திருப்பது இப்படி. குஞ்சப்பனைப் பக்கமும் கல்லாறு பக்கமும் யானை நடமாடுகிற காடு. பலாப்பழ சீசனில் ரோட்டு ஓரமே வந்து நிற்கும். ஆகவே பொழுது சாயுமுன், ஐந்து மணிக்கெல்லாம் கடைசி ஆள் மேட்டுப்பாளையத்தில் இருக்க வேண்டும். நின்று நின்று இறங்க ஒன்றரை மணி நேரம். அப்படியானால் கோத்தகிரியை மூன்றரைக்கு விட வேண்டும். அதற்கு ஊட்டியை ஒன்றரைக்கு விட வேண்டும். சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம், ஆக ஊட்டிக்குப் பன்னிரண்டே முக்காலுக்குள் வர வேண்டும். குன்னூரை விடுவது பதினொன்றுக்குள். மெதுவான ஆளுக்கு அடிவாரத்திலிருந்து குன்னூர் ஐந்து மணி நேரம். எனவே கிளம்புவது காலை ஆறு. போன வருஷம் நாங்கள் கிளம்பிய ஏழரை மணிக்கு, இந்தக் கணக்குப்படி கல்லாறைத் தாண்டி வெகுதூரம் ஏறியிருக்க வேண்டும். எங்கள் பயணம் மேட்டுப்பாளையத்தில் டீ குடிக்கும்போதே தோற்றுவிட்டது. எங்களுக்குத் தெரியவில்லை.

குன்னூருக்குப் பதினொன்றுக்குள் வராவிட்டால்? இதைத்தான் நம் ஆட்கள் யோசிக்கவே மாட்டார்கள். குன்னூரிலிருந்து ஊட்டி போகாமலேயே கட்டபெட்டு வழியாகக் கோத்தகிரிக்கு ஒரு ரோடு இருக்கிறது, 20 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். தேயிலைத் தோட்டம் நடுவே அருமையான ரோடு. அதில் திரும்பினால் ஊட்டியும் தொட்டபெட்டாவும் மிச்சம், வட்டமும் முடியும், சின்ன வட்டமாக. அதற்கும் தெம்பில்லாதவன் குன்னூரிலேயே நிறுத்திவிட்டு, பின்னால் வருகிற வேனில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு ஏற வேண்டியதுதான். அந்த முடிவைக் குன்னூரில் வைத்து எடுக்கக் கூடாது. அங்கே நிற்கும்போது எல்லாருக்கும் ரோஷம் இருக்கும். முதல் நாளே காகிதத்தில் எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போட்டுவிட வேண்டும்.

எந்தப் பக்கம் ஏறுவது என்பதிலும் சண்டை நடக்கிறது. கோத்தகிரி ரோட்டில் பஸ் லாரி குறைவு, மெதுவாக ஏறுகிறவனுக்கு அதுதான் நிம்மதி, குன்னூர் வழியாக இறங்கலாம் என்கிறது சிவில் துறைக் கோஷ்டி. நியாயமான பேச்சுதான், மறுக்கவில்லை. ஆனால் குன்னூர் ரோட்டில் 14 கொண்டை ஊசி வளைவு. எதிரே பஸ் திரும்பும்போது முழு ரோட்டையும் எடுத்துக்கொள்ளும். களைத்துப்போன கையோடு அந்தி நேரத்தில் அதில் இறங்குவதைவிட, விடிகாலையில் வண்டி நடமாட்டம் கூடுவதற்கு முன்பு அதில் ஏறிவிடுவது மேல். கோடை சீசனில் ஒருவழிப் பாதையாக்கும்போதும் போலீசார் பெரும்பாலும் குன்னூர் வழியாக ஏறவிட்டு, கோத்தகிரி வழியாகத்தான் இறக்குகிறார்கள். சிவில் நண்பர்களுக்கு இன்னொரு வேண்டுகோள். லெவலிங் பிராக்டிகலில் செக்‌ஷன் படம் வரைகிறீர்களே, இந்த 114 கிலோமீட்டருக்கும் ஒரு படம் வரைந்து நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். எங்கே ஏற்றம், எங்கே இறக்கம், எங்கே தண்ணீர் என்று கண்ணால் பார்த்தாலே பாதிப் பேர் வாய் அடங்கிவிடும்.

மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அக்டோபர், நவம்பர், டிசம்பர் கூடவே கூடாது. வடகிழக்குப் பருவமழை இந்தக் கிழக்குச் சரிவில்தான் கொட்டும். 1993 நவம்பரில் குன்னூர் ரோட்டில் மரப்பாலம் அருகே மலை சரிந்து பஸ்களையே அடித்துக்கொண்டு போனது. 2009 நவம்பரில் நீலகிரி முழுக்க நடந்த மண்சரிவுகளில் 40 பேருக்கு மேல் இறந்தார்கள். இது தெரிந்தும் அக்டோபரில் கூட்டிக்கொண்டு போனேன் நான், லீவு கிடைத்தது என்பதற்காக! ஏப்ரல், மே மாதங்களில் டூரிஸ்ட் வண்டிகளின் நெரிசல். ஜனவரி கடைசியும் பிப்ரவரியும்தான் சரி. குளிரும், ஆனால் ரோடு காய்ந்திருக்கும். வேனுக்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு அது கட்டாயம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு நீலகிரியில் தடை, ஆகவே சொந்த பாட்டில் ஆளுக்கு இரண்டு.

இனி, வேண்டாம் என்று சொல்லும் ஆசிரியர்களுக்கு என் பணிவான பதில். உங்கள் பயம் நியாயம். அந்தத் தம்பி விழுந்ததைக் கண்ணால் பார்த்தவன் நான். என்னைவிட அதிகமாக யார் பயப்பட முடியும்? ஆனால் தடை போட்டால் பையன்கள் போகாமல் இருப்பார்களா? போன வருஷம் நாங்களும் யாரிடமும் சொல்லாமல்தான் போனோம். சொல்லியிருந்தால் ஒர்க்‌ஷாப்பில் அந்தப் பழைய சைக்கிளை ஒரு பார்வை பார்த்திருப்பார்கள். பிரேக் கட்டை மொட்டையாகத் தேய்ந்திருந்ததை நம் ஃபிட்டிங் இன்ஸ்ட்ரக்டர் பத்தடி தூரத்திலிருந்தே சொல்லியிருப்பார். ஒரு ஜோடி கட்டையின் விலை ஒரு பிரியாணியைவிடக் குறைவு. ஒளித்துச் செய்ததால்தான் அது கண்ணில் படாமல் போயிற்று.

சொல்லாமல் போகலாம் என்கிற நண்பர்களே, உங்களுக்கும் ஒன்று. முதலில் ஏறியவனுக்குக் கோப்பை கொடுக்க வேண்டும் என்று மனுவில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் அடியுங்கள். பந்தயம் என்று வந்துவிட்டால் கடைசி ஆளை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டான். எலெக்ட்ரானிக்ஸ் துறை மாணவியர் மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் தினமும் சிங்காநல்லூரிலிருந்து சைக்கிளில் வருகிறவர்கள். "இவங்க வந்தா லேட் ஆகும்" என்று முணுமுணுப்பு கேட்கிறது. போன வருஷம் ஒன்பது பேரும் ஆண்கள்தான். நேரத்துக்கு வந்தோமா?

பேரவைக்கு நான் கேட்பது அதிகமில்லை. கல்லூரி பெயரிலேயே, இரண்டு ஆசிரியர்கள் வேனில் வர, பெற்றோர் கையெழுத்தோடு போவோம். அதற்கு முந்தின வாரம் ஒவ்வொரு சைக்கிளும் ஒர்க்‌ஷாப்புக்கு வரட்டும். பிரேக், ஒயர், டயர் பார்த்து மெக்கானிக்கல் மாணவர்கள் சீட்டு ஒட்டட்டும். சீட்டு இல்லாத சைக்கிள் மேட்டுப்பாளையத்தோடு நிற்கட்டும். அதற்கு முன் இரண்டு ஞாயிறு மருதமலை ஏறி இறங்கிப் பழகுவோம். ஏறுவது யார் வேண்டுமானாலும் பழகிக்கொள்ளலாம். இறங்குவதை நான் கூடவே இருந்து சொல்லித் தருகிறேன். போகும் நாளில் திட்டம் போட்டவன் கடைசி ஆளுக்கும் பின்னால்தான் ஓட்ட வேண்டும். அது இந்த வருஷமும் நானாக இருந்தால், முன்னால் போக எனக்கு ஆசையும் இல்லை.

இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது பேரவையின் முடிவு தெரிந்திருக்கும். 14 பேர் கொடுத்த மனுவில் பதினோராவது கையெழுத்து யாருடையது என்று பார்த்தீர்களா? அந்தத் தம்பியேதான். எலும்பு கூடிவிட்டது, இப்போது தினமும் ஓட்டுகிறான். புது பிரேக் போட்டிருக்கிறான், என்னிடம் காட்டினான். "அண்ணா, நானும் வரேன். எங்கம்மாகிட்ட மட்டும் நீங்க வந்து கேளுங்க" என்கிறான்.

அடுத்த ஞாயிறு அவர்கள் வீட்டுக்குப் போகிறேன். மேலே சொன்ன நேரக் கணக்கை ஒரு வெள்ளைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். அவர்கள் அதைப் படிப்பார்களா, என் முகத்தைப் பார்ப்பார்களா தெரியவில்லை. வெறுங்கையோடு போகக் கூடாதே என்று ஊட்டி வர்க்கி வாங்கலாமா என்று நினைத்தேன். வேண்டாம், ஊட்டி பெயரையே எடுக்காமல் ஆப்பிளாக வாங்கிக்கொண்டு போகிறேன்.

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை